மலையேற மறுக்கும் மோட்டார் வண்டி

சேலம் நகரத்தை விட்டுப் புறப்பட்டுக் கொண்டப்பநாயக்கன்பட்டி வழியாகச் செல்லும் சாலையானது, சேர்வராயன் மலையின் பாதத்தில் அடிவாரம் என்றே பெயர் பெற்றுவிட்ட இடத்தை அடைந்ததும், அதுகாறும் சமதரையில் சாதுவாக ஓடிவந்த வண்டி எதுவாயினும் அதன் உண்மையான பலம் எவ்வளவு என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் உள்ள சேலத்துக்கும், ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டுக்கும் இடையே சாலைத் தூரம் சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆயினும் அந்த உயரத்தில் பெரும்பகுதியை அடிவாரத்துக்கு மேலே 20 கொண்டை ஊசி வளைவுகளின் வழியாகவே ஏறிக் கடந்தாக வேண்டும். ஆட்களும் மூட்டைமுடிச்சுகளுமாக 2 டன் எடையுள்ள ஒரு வண்டியை அவ்வளவு உயரம் தூக்கிவிடுவதற்கு மட்டுமே, காற்றின் தடையையும் டயரின் உராய்வையும் கணக்கில் சேர்க்காமலே, சுமார் 2 லிட்டர் டீசல் எரிய வேண்டும். அந்த எண்ணெயின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேர்ந்தால், மற்ற இரு பங்கும் உஷ்ணமாகவே மாறி இன்ஜினையும் டர்போவையும் புகைக்குழாயையும் காய்ச்சுகிறது. ஊருக்குள்ளே ஒரு வருஷம் ஓடினாலும் வெளிப்படாத குறைகள் இந்த ஏற்றத்தில் அரை மணி நேரத்துக்குள் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

அவ்வாறு வெளிப்படும் குறைகளுள் இக்காலத்து வண்டிகளுக்கே உரியதும், வண்டி ஓட்டுவோரைப் பெரிதும் கலங்கச் செய்வதும், மெக்கானிக்குகள் லிம்ப் மோடு என்று சொல்லும் ஸ்திதியாகும். உதாரணத்துக்காக ஒரு வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவோம். சென்னையிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்ட ஒரு டீசல் எஸ்.யு.வி.; கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லாமல், பிக்கப் கூடுவதற்கென்று ஒரு டியூனிங் பாக்ஸ், எண்ணெய் தடவிய பருத்தி ஏர் ஃபில்டர், சற்றே பெரிய டயர்கள், பம்பரின் மேல் ஒரு எல்.இ.டி. லைட் பார், டாஷ்போர்டில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக அதில் மாட்டப்பட்டிருக்கின்றன. நாற்கரச் சாலையில் சேலம் வரையில் ஒரு குறையும் இல்லை. மலையில் சில வளைவுகள் ஏறியதும் திடீரென்று டர்போவின் சீறல் அடங்குகிறது; ஆக்சிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினாலும் இன்ஜின் சுழற்சியைக் காட்டும் முள் 2,500-ஐத் தாண்ட மறுக்கிறது; மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது; பின்னால் வந்த பஸ் ஹாரன் அடிக்கிறது. ஒருவாறு வண்டியைத் திருப்பிக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கிவந்து, சேலத்து மெக்கானிக் ஒருவருக்கு போன் போட்டால், பேச்சு பெரும்பாலும் இவ்விதமாகத்தான் போகும்:

“அண்ணே, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஆஃப் பண்ணிட்டுப் போட்டா சரியாயிடுது. நாலு வளைவு ஏறினா திரும்பவும் அதேதான்.”

“வெளியில ஏதாச்சும் மாட்டியிருக்கீங்களாங்க?”

“பெருசா எதுவும் இல்லண்ணே.”

பெரிதாக எதுவும் இல்லை என்று உடையவர் நினைக்கும் அந்தப் பொருள்களிலிருந்தேதான் விசாரணை தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் பிரதானமான விஷயம்.

லிம்ப் மோடு என்பது இன்ஜினுக்கு வந்த நோய் அன்று. வண்டியின் மூளையாக இருக்கும் இ.சி.யு. என்னும் கணினிப் பெட்டி, காற்று எவ்வளவு வருகிறது, எரிபொருள் என்ன அழுத்தத்தில் நிற்கிறது, டர்போ எவ்வளவு ஊதுகிறது, தண்ணீரின் சூடு என்ன என்று பல சென்சார்களிடமிருந்து நொடிக்கு நொடி செய்தி வாங்கிக்கொண்டே இருக்கிறது. அச்செய்திகளுள் ஒன்று எல்லை மீறினாலோ, இரண்டு செய்திகள் ஒன்றையொன்று பொய்யாக்கினாலோ, எதை நம்புவது என்று அதற்குத் தெரியாமற் போகிறது. அப்போது அது டர்போவின் ஊதலைக் குறைத்து, எரிபொருளை அளந்து விட்டு, இன்ஜின் உடையாமலும் பிரயாணி நடுவழியில் முற்றிலும் நின்றுவிடாமலும் மெல்ல வீடு போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் பலத்தை அனுமதிக்கிறது. பாரம் தாங்காத மாடு மேட்டிலே முழங்காலிட்டு நின்றுவிட்டால், அதைச் சாட்டையால் அடித்து எழுப்பாமல் நுகத்தடியைத் தூக்கிக் கழுத்துப் புண்ணைப் பார்ப்பவனே நல்ல வண்டிக்காரன். மோட்டார் வண்டியிடமும் அதே கருணையும் அதே விவேகமும் நமக்கு வேண்டும். விளக்கை அணைத்துவிடுவதே சிகிச்சை என்று எண்ணி, குறையைச் சொல்லும் வாயை அடைக்கும் வழக்கம் நாட்டில் பரவி வருவதைக் காண எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வண்டியை நம் இஷ்டத்துக்குச் சீர்படுத்திக்கொள்ளும் ஆசை புதியதன்று. தமிழ்நாட்டில் அதற்கு மரியாதைக்குரிய ஒரு சரித்திரமே உண்டு. சென்னைக்கு அருகே சோழவரத்து விமானத்தளத்தில் பந்தயங்கள் நடந்த நாளிலும், கோயம்புத்தூரில் எஸ். கரிவரதன் மாருதி 800-இன் இன்ஜினைக் கொண்டு ஃபார்முலா மாருதி என்னும் பந்தய வண்டியை உருவாக்கிய நாளிலும், இன்ஜினை அறிந்தவர்கள் கார்புரேட்டரின் ஜெட்டை மாற்றியும் தீப்பொறியின் நேரத்தை நகர்த்தியும் தங்கள் கைத்திறத்தாலேயே பலத்தைக் கூட்டினார்கள். அக்காலத்து வண்டியில் ஒன்றை மாற்றினால் அந்த ஒன்றே மாறியது. மாற்றம் பிழையாயிருந்தால் கரும்புகையோ, தட்டுகிற சத்தமோ, கொதிக்கிற ரேடியேட்டரோ உடனே அதைச் சொல்லிவிடும். மலைச் சாலையில் அம்பாசடரின் எரிபொருள் பம்ப் சூடேறிப் பெட்ரோல் ஆவியாகி நின்றுவிட்டால், ஓர் ஈரத் துணியைப் பம்பின்மேல் சுற்றிச் சற்றுப் பொறுத்திருந்து மறுபடியும் புறப்பட்டார்கள். கண்ணுக்கும் காதுக்கும் எட்டிய குறைகள் அவை. இப்போதோ, ஒரு நூல் கனமுள்ள ஒயரில் ஓடும் அரை வோல்ட் வித்தியாசம் ஒரு குடும்பத்தின் பிரயாணத்தை நிறுத்திவிடுகிறது.

இந்த மாறுதலுக்கு மூலகாரணம் காற்றைக் காப்பாற்றும் முயற்சியே என்பதைப் பலர் அறிவதில்லை. புகையை அளந்து கட்டுப்படுத்த வேண்டுமானால் வண்டி தன்னைத்தானே சதா கண்காணித்துக்கொள்ள வேண்டும் என்று முதலில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணம் விதித்தது. 1996-ஆம் ஆண்டு மாடல் தொட்டு அமெரிக்கக் கார்கள் அனைத்துக்கும், ஸ்டியரிங்குக்குக் கீழே 16 ஊசிகளுள்ள ஒரே மாதிரியான சாக்கெட்டும், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான எர்ரர் கோடுகளும் கட்டாயமாயின. ஐரோப்பாவும் பின்னர் இந்தியாவும் அந்த ஏற்பாட்டை மேற்கொண்டன. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாடெங்கும் அமலுக்கு வந்த பாரத் நிலை 6 நெறிமுறைக்குப் பின், டீசல் வண்டியின் கண்காணிப்பு முன்னைவிட மிகவும் கடுமையாகிவிட்டது. ஆகவே பத்துப் பதினைந்து வருஷத்துக்கு முந்திய வண்டியில் சாதுவாக இருந்த ஒரு மாற்றம், இன்றைய வண்டியில் சண்டைக்கு வருகிறதென்றால் அதில் ஆச்சரியமில்லை.

இனிப் பரிசோதனைக்கு வருவோம். முதல் விதி, எர்ரர் கோடை அழிக்காதே என்பது. பேட்டரியின் ஒயரைக் கழற்றி மாட்டினால் விளக்கு அணைந்துவிடும் என்று வழியிலே யாரேனும் நல்லெண்ணத்தோடு யோசனை சொல்லக்கூடும். பல வண்டிகளில் அணையவும் செய்யும். ஆனால் குறை தோன்றிய அந்த க்ஷணத்தில் இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுழன்றது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு பாரம் இழுத்தது என்றெல்லாம் கோடோடு சேர்த்து இ.சி.யு. எழுதி வைத்திருக்கும் குறிப்பும் அத்துடன் அழிந்து போகிறது. சாட்சியத்தைக் கொளுத்திவிட்டுக் குற்றவாளியைத் தேடுவது யாருக்கும் சாத்தியமில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் புளூடூத் ஸ்கேனரை 16 ஊசிச் சாக்கெட்டில் செருகி, செல்போனிலேயே இன்ஜின் கோடுகளைப் படித்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கியர் பாக்ஸ், பிரேக் ஆகியவற்றின் கோடுகளைப் படிக்க அந்தக் கம்பெனி வண்டிக்கு ஏற்ற பெரிய ஸ்கேனர் உள்ள ஒர்க்ஷாப் அவசியம். கோடு என்பது தீர்ப்பன்று என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பி 0299 என்று வந்தால் டர்போவின் ஊதல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று அர்த்தம். டர்போ போய்விட்டது என்று அர்த்தமில்லை. அந்த ஒரு வரியைத் தவறாகப் படித்து, பதினாயிரக்கணக்கில் செலவழித்து டர்போவையே மாற்றிய பிறகு, கிழிந்த ஒரு ரப்பர் ஹோஸே காரணம் என்று கண்டுகொள்ளுகிற துர்ப்பாக்கியம் எவருக்கும் நேரக்கூடாது.

இரண்டாவது விதி, கடைசியாக மாட்டியதை முதலில் கழற்று என்பது. நம் உதாரண வண்டியில் டியூனிங் பாக்ஸைப் பாருங்கள். காமன் ரெயில் டீசல் இன்ஜினில், எல்லா இன்ஜெக்டர்களுக்கும் பொதுவான ஒரு குழாயில் எரிபொருள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பார் அழுத்தத்தில் தேங்கி நிற்கிறது. அந்த அழுத்தத்தை அளக்கும் சென்சார், அழுத்தம் ஏற ஏறச் சுமார் அரை வோல்ட்டிலிருந்து நாலரை வோல்ட் வரையில் உயர்ந்துகொண்டே போகும் ஒரு செய்தியை இ.சி.யு.-வுக்கு அனுப்புகிறது. மலிவான டியூனிங் பாக்ஸ்களில் பெரும்பாலானவை செய்யும் காரியம் யாதெனில், இந்தச் சென்சாருக்கும் இ.சி.யு.-வுக்கும் நடுவே புகுந்து, உள்ள அழுத்தத்தைவிடக் குறைவாக இருக்கிறது என்று பொய் சொல்வதுதான். அழுத்தம் போதவில்லை என்று நம்பிய இ.சி.யு. இன்னும் ஏற்றுகிறது, எரிபொருள் கூடுதலாகப் பாய்கிறது, பிக்கப் கிடைக்கிறது. சமவெளியில் அவ்வப்போது முந்திச் செல்லும்போது சில விநாடிகள் மட்டுமே இப்படி நிகழ்வதால் விபரீதம் தெரிவதில்லை. மலையிலோ நிமிஷக்கணக்காக முழு பாரம். உண்மையான அழுத்தம் குழாயின் எல்லையைத் தொடும்போது, பல வண்டிகளில் குழாயின் பாதுகாப்பு வால்வு திறந்து அழுத்தம் சட்டென்று விழுகிறது. கேட்ட அழுத்தம் ஒன்று, கிடைத்தது வேறொன்று என்று கண்ட இ.சி.யு. பி 0087 என்று எழுதிவைத்துவிட்டு வண்டியை அடக்கிவிடுகிறது. பாக்ஸைக் கழற்றிச் சென்சாரின் ஒயரை அதன் பழைய இடத்தில் நேராக மாட்டிவிட்டு அதே ஏற்றத்தில் மறுபடியும் ஏறிப் பார்த்தால், கால் மணி நேரத்தில் உண்மை தெரிந்துபோகும்.

பாக்ஸ் இல்லாமல் இ.சி.யு.-வின் கணக்கையே மாற்றி எழுதும் ரீமேப் செய்த வண்டியானால் சங்கதி இன்னும் நுட்பமானது. ஏற்காட்டில் காற்றின் அழுத்தம் சேலத்தில் உள்ளதைவிட நூற்றுக்கு ஏறக்குறைய 13 பங்கு குறைவு. இன்ஜினுக்கு வேண்டிய காற்றை அந்த மெலிந்த வாயுமண்டலத்திலிருந்து திரட்டித் தர வேண்டுமானால் டர்போ முன்னிலும் வேகமாகச் சுழல வேண்டும். அது அளவு மீறிச் சுழன்று கெடாதபடி, உயரம் ஏற ஏற ஊதலைக் குறைத்துக்கொள்ளும் திருத்த அட்டவணைகளை வண்டி செய்தவர்கள் கணக்கிலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். ரீமேப் செய்தவர் அந்த அட்டவணைகளைப் படித்துப் பொருத்தமாக மாற்றினாரா, அன்றிச் சமவெளியில் வேகம் கூடினால் போதும் என்று மேலோட்டமாக எண்களை உயர்த்தினாரா என்பதை இந்த மலை காட்டிக் கொடுத்துவிடும். பழைய கணக்கின் பிரதி ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கும் டியூனரிடம் மட்டுமே வண்டியைக் கொடுக்க வேண்டும்; திருப்பிப் போட வழியில்லாத மாற்றத்துக்கு எவரும் சம்மதிக்கலாகாது.

ஊதல் கூடினால் அதைத் தாங்க வேண்டியது இன்டர்கூலர் ஹோஸ். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கும் அங்கிருந்து இன்ஜினுக்கும் காற்றைக் கொண்டு செல்லும் இந்த ரப்பர் குழாய்கள், கம்பெனி கணித்த அழுத்தத்துக்கு என்று செய்யப்பட்டவை. அதிக ஊதலில் கிளிப் நழுவும். அல்லது மடிப்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விழும். இன்ஜின் சும்மா ஓடும்போது அந்த வெடிப்பு மூடிக்கொண்டிருக்கும். பாரம் ஏறும்போதுதான் வாய் திறக்கும். அதனால்தான் ஒர்க்ஷாப்பில் நிறுத்திவைத்துப் பார்க்கும்போது ஒன்றும் அகப்படுவதில்லை. கை வைத்துப் பார்த்தால், ஹோஸின் அடிப்புறத்தில் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் அதன்மேல் புழுதியும் அப்பியிருக்கும் இடமே வெடிப்பின் இடம். ஏற்றத்தில் உஸ்ஸென்ற சத்தமும் பின்னால் கரும்புகையும் இருந்தனவா என்று ஓட்டியவரைக் கேட்பதும் உதவும். சந்தேகம் தீர வேண்டுமானால் குழாயை இருபுறமும் அடைத்துக் குறைந்த அழுத்தத்தில் காற்றேற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கலாம். பஞ்சர் பார்க்கும் நம்முடைய பழைய முறையேதான்.

எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டரின் கதை வேறு. அந்த ஃபில்டரைக் கழுவி மீண்டும் எண்ணெய் இடும்போது அளவு மிஞ்சிவிட்டால், உள்ளிழுக்கப்படும் காற்றோடு எண்ணெய்த் துளிகளும் போய், அதற்கடுத்து இருக்கும் காற்றளவு சென்சாரின் நுண்ணிய சூட்டுப் படலத்தின்மேல் படிகின்றன. அதன்மேல் புழுதி ஒட்டுகிறது. உடனே சென்சார் வந்த காற்றைவிடக் குறைவாக வந்ததாகக் கணக்குச் சொல்லுகிறது. காற்று குறைவு என்று நம்பிய இ.சி.யு. புகை வராமலிருக்க எரிபொருளைச் சுருக்குகிறது. நிவாரணம் எளியது: அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் சுத்தம் செய்து, காய்ந்த பின் மாட்டி, கம்பெனியின் காகித ஃபில்டரையே போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். துணியாலோ விரலாலோ அந்தப் படலத்தைத் துடைத்தால் சென்சார் அத்துடன் தீர்ந்தது.

ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் இ.சி.யு.-வுக்கும் நடுவே மாட்டி, தொட்டவுடன் பாய்வது போன்ற உணர்ச்சியைத் தரும் சிறு பெட்டிகளும் இப்போது மிகுதியாக விற்கின்றன. பெடலுக்குள் சென்சார் ஒன்றல்ல, இரண்டு. பல வண்டிகளில் ஒன்று காட்டும் வோல்ட்டில் சரிபாதியை மற்றொன்று காட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. மனிதனின் பாதத்தை இரண்டு சாட்சிகள் ஒரே சமயத்தில் பார்த்துச் சொன்னால்தான் நம்புவது என்று வைத்திருக்கிறார்கள்; ஏனெனில் இங்கே ஒரு தவறு நேர்ந்தால் வண்டி தானாகப் பாய்ந்துவிடும். நடுவில் வந்த பெட்டியின் கனெக்டர் சற்றுத் தளர்ந்தாலும் இரு சாட்சிகளும் முரண்படுகின்றன. பி 2138 எழுதப்படுகிறது. வண்டி ஏறக்குறைய ஐடிலிங்கிலேயே நகர்கிறது. வளைவில் ஏறிக்கொண்டிருக்கையில் இது நேர்ந்தால் எவ்வளவு அபாயம் என்று நான் விவரிக்க வேண்டுவதில்லை. இந்தப் பெட்டியை மலைப்பிரயாணத்துக்கு முன் கழற்றி வைத்துவிடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் என் மதிப்பில் எல்லாவற்றிலும் அதிகத் தொல்லை தருபவை, இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாதவை போலத் தோன்றும் ஸ்டீரியோவும் லைட் பாரும்தான். 1986-இல் பாஷ் கம்பெனி உலகுக்கு அறிமுகப்படுத்திய கேன் பஸ் என்னும் முறையில், ஒன்றையொன்று முறுக்கிய இரண்டே ஒயர்களின் வழியாக இன்ஜின், கியர் பாக்ஸ், பிரேக், மீட்டர் ஆகிய யாவும் தமக்குள் பேசிக்கொள்கின்றன. ஸ்டியரிங்கில் உள்ள பட்டன்கள் ஸ்டீரியோவோடு வேலை செய்ய வேண்டும் என்பதற்காகப் பொருத்துபவர் இந்த ஒயரின் தோலைச் சீவி, வேறொரு ஒயரைச் சுற்றி, டேப் ஒட்டிவிடுகிறார். சென்னை வெயிலில் நின்ற வண்டியின் டாஷ்போர்டுக்குள் அந்த டேப்பின் பசை உருகி வழிகிறது. ஏற்காட்டின் பனிமூட்டத்தில் ஈரம் ஏறுகிறது. வளைவுக்கு வளைவு வண்டி குலுங்கும்போது சீவிய இடம் எர்த்தைத் தொட்டுத் தொட்டு விலகுகிறது. அப்போது யு என்ற எழுத்தில் தொடங்கும் கோடுகள், இன்ஜினோடு தொடர்பு அற்றது, பிரேக்கோடு தொடர்பு அற்றது என்று கும்பலாக வருகின்றன. இவ்விதம் சம்பந்தமில்லாத பல கோடுகள் ஒருமிக்க வந்தால், ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே சந்தேகிப்பது வீண். பொதுவாக உள்ள ஒயரையும் எர்த்தையும் பேட்டரி வோல்ட்டையும்தான் பார்க்க வேண்டும். சாதாரண மல்டிமீட்டரே இதற்குப் போதும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, 16 ஊசிச் சாக்கெட்டில் 6-ஆவது ஊசிக்கும் 14-ஆவது ஊசிக்கும் இடையே ஓம் அளந்தால், கேன் ஒயர்கள் அந்தச் சாக்கெட்டுக்கு நேராக வரும் வண்டிகளில் 60 ஓம் காட்ட வேண்டும். இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால் வரும் எண் அது. 120 காட்டினால் எங்கோ ஓர் இடத்தில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகே காட்டினால் இரண்டு ஒயரும் ஷார்ட். ஸ்டீரியோவின் பிளக்கைப் பிடுங்கியதும் எண் 60-க்குத் திரும்பினால் வேறு விசாரணையே வேண்டாம்.

லைட் பாரின் எர்த்தை நேரே பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டுவதும் பிழை. புதிய வண்டிகள் பலவற்றில் அந்த முனையிலேயே மின்சாரத்தின் போக்குவரத்தை அளக்கும் சிறு சென்சார் ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டிக் கொண்டு மின்சாரம் எடுத்தால் ஆல்டர்னேட்டர் எவ்வளவு சார்ஜ் செய்வது என்ற கணக்குத் தவறி, மூடுபனியில் எல்லா விளக்கும் ஏ.சி.யும் வைப்பரும் ஒன்றாக ஓடும் நேரத்தில் வோல்ட் சரிகிறது. எர்த்தை பாடியில் உரிய போல்ட்டில் எடுக்க வேண்டும். பாஸிட்டிவ் பக்கத்தில் ரிலேயும் ஃப்யூஸும் கட்டாயம். பெரிய டயர்கள் இன்ஜினுக்குப் பாரத்தையும் ஆட்டோமாட்டிக் கியர் பாக்ஸுக்குச் சூட்டையும் கூட்டும். கியர் பாக்ஸ் சூடேறியதால் வந்த அடக்கம் மட்டும், வண்டியைச் சற்று நேரம் நிறுத்தி ஆறவிட்டால் தானே விலகும்.

டீசல் புகைக்கரியை வடிகட்டும் டி.பி.எஃப். அடைத்துக்கொள்கிறது என்று சொல்லி, அதன் உள்ளீட்டையே வெட்டி எடுத்துவிட்டு, இ.சி.யு.-வுக்கு அது இருப்பதாகப் பொய்க்கணக்கு எழுதித் தருவோர் இருக்கிறார்கள். இதை நான் சிறிதும் அனுமதியேன். அந்த வடிகட்டி தன்னில் சேர்ந்த கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும்படி அமைந்தது. நகரத்து நெரிசலில் மட்டுமே ஓடும் வண்டியில் அந்தச் சூடு வாய்க்காமல் கரி சேர்ந்து லிம்ப் மோடு வருவதுண்டு. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் அரை மணி ஓட்டுவதோ, ஒர்க்ஷாப்பில் ஸ்கேனர் மூலம் எரிக்கச் செய்வதோதான் முறையான பரிகாரம். வெட்டி எடுத்தால் அந்தக் கரி முழுவதும், வளைவுகளில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரரின் நெஞ்சுக்குள் போகிறது. சட்டமும் இவ்விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை விளக்கி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் விவரங்களுக்கு முரண்படும்படி வண்டியை மாற்றலாகாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறைவாசமோ, இரண்டுமோ உடையவருக்கு விதிக்க வழி செய்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அறிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் நஷ்டஈடு கேட்கும்போது குறுக்கே நிற்கும் என்பதையும் மறந்துவிடலாகாது.

மலையிலேயே வண்டி அடங்கிவிட்டால் செய்ய வேண்டுவது என்ன? சிவப்பு விளக்கு எரிந்தால், அது எண்ணெய் அழுத்தமாயினும் சூடாயினும், அகலமான இடம் கண்டதும் நிறுத்தி இன்ஜினை உடனே அணைத்துவிட வேண்டும். அதற்கு மேல் ஓட்டலாகாது. மஞ்சள் விளக்கு மட்டுமானால் மெல்ல நகரலாம். கொண்டை ஊசி வளைவின் உட்புறத்தில் ஒருபோதும் நிறுத்தாமல், இருபுறமும் வண்டிகள் தெரியும் நேரான பகுதிக்கு வந்து, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுக்க வேண்டும். (புறப்படும்போது அந்தக் கல்லைச் சாலையோரம் ஒதுக்கி வைப்பது கடமை, இரவில் வரும் பைக்குக்கு அது எமன்.) அணைத்துப் போட்டதும் பலம் திரும்பிவிட்டது என்று மேலே ஏறத் துணிய வேண்டாம், கிடைத்த அந்தப் பலத்தைத் திரும்புவதற்கு மட்டும் உபயோகித்துக்கொள்ள வேண்டும். மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமையாதலால், இறங்கும் நாம் அவர்களுக்கு வழிவிட்டு, முதல் அல்லது இரண்டாவது கியரில், இன்ஜினை எக்காரணத்தாலும் அணைக்காமல் அடிவாரம் வரையில் வர வேண்டும். அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். எண்ணெய் மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் உருள்வதும் அதே அளவு ஆபத்து.

குறை தீர்ந்ததாக ஒர்க்ஷாப்பில் சொன்ன பிறகு, குடும்பத்தை ஏற்றாமல், சாலை ஓய்ந்திருக்கும் விடியற்காலையில் மெக்கானிக்கையும் உடன் அழைத்துக்கொண்டு அதே மலையில் ஏறிப் பார்ப்பது உத்தமம். ஒருவர் ஓட்ட, மற்றவர் ஸ்கேனரில் இ.சி.யு. கேட்கும் ஊதலையும் கிடைக்கும் ஊதலையும், கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் கிடைக்கும் அழுத்தத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். இரண்டு எண்களும் இணைந்தே ஏறி இணைந்தே இறங்கினால் வண்டி சுகமாயிருக்கிறது. அதற்குப் பிறகு, கழற்றி வைத்த பொருள்களில் எது உண்மையாகவே வேண்டும் என்று உடையவர் தீர்மானித்து, சட்டத்துக்கும் உடன்பட்டதை மட்டும் ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் இதே ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்கலாம். எந்தப் பொருள், எந்தத் தேதியில், எந்த ஒயரிலிருந்து இணைப்பு எடுத்து மாட்டப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, ஸ்கேனர் அச்சிட்ட கோடுகளின் பிரதியோடு சேர்த்து வண்டியின் காகிதங்களுடன் வைத்துக்கொண்டால், அடுத்த முறை எந்த ஊரில் எந்த மெக்கானிக் பானெட்டைத் திறந்தாலும் விசாரணையை ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இராது.